பழைய வேட்டி, பிளாஸ்டிக் வளையல், புடவைக் கரை: காசு இறுக்கமான மாதத்துக்குக் கைவேலை

கல்லூரி விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சுற்றிய நூல் வளையல், விழா முடிவதற்குள் பிரிந்து தொங்குவதை எந்த விடுதியிலும் பார்க்கலாம். நிறத்திலோ வடிவத்திலோ குறை இருக்காது. தப்பு அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும். வளையலின் வழவழப்பைத் தேய்த்திருக்க மாட்டார்கள், துணியில் கஞ்சி போயிருக்காது, கரையை நனைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே அலங்காரத்தைவிட முன்வேலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

நூல் வளையல்

முதலில் அளவு. கடையில் 2.4, 2.6, 2.8 என்று சொல்வதில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 2.8 என்றால் உள்விட்டம் சரியாக இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. 2.6 என்பது 60 மி.மீ. சொச்சம், 2.4 என்பது 57 மி.மீ. 2.10 என்ற அளவு 2.8-ஐவிடப் பெரியது, கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார், வளையல்காரர் ஒத்துக்கொள்வார். நூல் சுற்றியதும் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் வரை குறையும். சோப்புப் போட்டு ஏற்றுகிற அளவில் வளையல் அணிபவர்கள் அடிவளையலை அடுத்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிவளையலாக ஃபேன்சி கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் வளையலே போதும். நிறம் மங்கிய பழைய வளையலும் ஆகும். 120 அல்லது 150-ஆம் எண் உப்புத்தாளால் உள்பக்கத்தையும் இரு விளிம்புகளையும் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கைப் பசை பற்றாது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தலையில் எண்ணெய் வைத்த கையோடு இந்த வேலையில் உட்கார வேண்டாம்.

இனி நூல். சில்க் த்ரெட் என்று விற்பது பெரும்பாலும் செயற்கைப் பட்டுதான். நமக்கு அதுவே நல்லது, பளபளப்பு அதில்தான் அதிகம். ஒரு செ.மீ. அகல வளையலுக்கு 24 இழை சேர்ந்த, 2 மீட்டர் நீளமுள்ள பட்டை வேண்டும். இரண்டு நாற்காலிகளை 2 மீட்டர் இடைவெளியில் போட்டு, முதுகுக் கம்பிகளில் நூலை 12 முறை போய்வரச் சுற்றினால் 24 இழை வந்துவிடும். அதற்கு 48 மீட்டர் நூல் செலவாகும். நூல்கண்டு வாங்கும்போது சீட்டில் போட்டிருக்கும் நீளத்தைப் பார்த்து, எத்தனை வளையலுக்கு வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். பாதியில் நூல் தீர்ந்து இன்னொரு கண்டு வாங்கினால் நிறம் அச்சாகப் பொருந்தாது. ஒரே நிறமாகத் தெரிந்தாலும் வெயிலில் வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். அரை செ.மீ. அகல வளையலுக்கு ஒன்றேகால் மீட்டர் நீளம் போதும்.

ஒரு முனையை முடிச்சுப் போட்டு, மெல்லிய சீப்பால் மேலிருந்து கீழாக ஒருமுறை வாரிவிடுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பட்டையாகப் படுக்க வேண்டும், கயிறாக முறுக்கிக்கொள்ளக் கூடாது. சுற்றும்போதும் ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை நூலைத் தொங்கவிட்டு முறுக்கை அவிழ்த்துக்கொள்ளுங்கள். மேலே வரிவரியாகத் தெரிகிற வளையல்களெல்லாம் இந்த முறுக்கை அவிழ்க்காமல் விட்டவைதான்.

பசைக்கு ஃபேப்ரிக் க்ளூ. வளையலின் உள்பக்கத்தில் மட்டும், இரண்டு அங்குல நீளத்துக்கு மெல்லிசாகத் தடவி, அந்த இடம் மூடும்வரை சுற்றி, அப்புறம் அடுத்த இரண்டு அங்குலத்துக்குப் போங்கள். நூலின் தொடக்கமும் முடிவும் உள்பக்கத்திலேயே இருக்கட்டும். வெளிப்பக்கத்தில் பசை தேவையே இல்லை. தடவினால் நூலுக்குள் ஊறி, ஈரம் பட்டதுபோல் ஒரு கருந்திட்டு நிற்கும், காய்ந்தாலும் போகாது. உடனே ஒட்டுகிற சின்னக் குழாய்ப் பசையைப் பயன்படுத்தினால் நூல் விறைக்கும், சுற்றிலும் வெள்ளைப் பூப்பு படரும். க்ளூ கன் பசை சூட்டில் இளகும் வகை. வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் அந்த வளையலை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் கால் பங்கு ஏறி நிற்கட்டும். வளையலின் வெளிவட்டம் உள்வட்டத்தைவிடப் பெரிது, அதனால் உள்ளே நூல் நெருங்கும், வெளியே விலகும். வெளியே பிளாஸ்டிக் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனால் உள்பக்கம் தானாகச் சரியாகிவிடும்.

கல் ஒட்டுவதற்கு முன் நான்கு மணி நேரம் நிழலில் காயட்டும். கல்லைக் கண்ணளவில் வைத்தால் கடைசி இரண்டு கற்களுக்கு நடுவில் இடம் பல்லிளிக்கும். ஒரு தாள் பட்டையை வளையலைச் சுற்றி ஒட்டினாற்போல் வைத்து வெட்டி, மும்முறை பாதிபாதியாக மடியுங்கள். பிரித்தால் எட்டுச் சம பங்கு. அதை மறுபடி வளையலில் சுற்றி, மடிப்பு வரும் இடங்களில் குண்டூசியால் லேசாக அடையாளம் வைத்து, அங்கே தட்டையான அடிப்பாகம் கொண்ட குந்தன் கல்லை ஒட்டுங்கள். கற்சங்கிலி சுற்றுவதானால் கடைசி இரண்டு கற்களை ஒட்டும்முன் சங்கிலியை ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். கல் ஒட்டிய பிறகு 12 மணி நேரம் கையில் போடாமல் இருக்க வேண்டும். விழா காலையில் என்றால் வேலை முந்தின நாள் மதியத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

தண்ணீர்தான் இதற்கு எமன். கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். நூலைக் காப்பாற்ற மேலே நெயில் பாலிஷ் பூசலாம் என்று சொல்வார்கள். பூசினால் பட்டின் பளபளப்பு போய்ப் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். கழற்றியதும் வியர்வை காய்ந்த பிறகு ஜிப் கவரில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போட்டுவையுங்கள், சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அதே நூலில் ஜிமிக்கி

ஜோடி சேர்க்க நினைத்தால் அதே கண்டில் மிச்சமிருக்கும் நூல் போதும். குடை வடிவப் பிளாஸ்டிக் அடிப்பாகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். இங்கே 24 இழை கூடாது, 10 இழை. காரணம், ஒவ்வொரு சுற்றும் உச்சியிலுள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தடித்த பட்டை போனால் பாதியிலேயே ஓட்டை அடைத்துக்கொள்ளும். பெரிய கண்ணுள்ள ஊசியில் கோத்துச் சுற்றினால் வேலை சுருங்கும். விளிம்பில் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கட்டும், உச்சியில் நெருங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அங்கே மணித்தொப்பி வந்து மூடிவிடும். சுற்றி முடித்ததும், பசை காயும்முன், ஒரு பல்குச்சியை ஓட்டையில் நுழைத்து வழியைத் திறந்து வையுங்கள். இதை மறந்தவர்கள்தான் மறுநாள் கம்பியை நுழைக்க முடியாமல் நூலையே கிழிப்பார்கள்.

தலையுள்ள கம்பியில் கீழே ஒரு முத்து, பிறகு ஜிமிக்கி, மேலே தொப்பி, இன்னொரு சின்ன மணி. மணிக்கு மேலே ஒரு செ.மீ. கம்பி விட்டு மிச்சத்தை வெட்டி, மணியை ஒட்டி ஒரு பக்கமாக மடித்து, வட்டமூக்குப் பிளையரால் எதிர்ப்பக்கம் சுருட்டினால் நடுவில் நிற்கும் வளையம் கிடைக்கும். மடிக்காமல் நேரே சுருட்டினால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து, ஜிமிக்கியும் சாய்ந்தே தொங்கும். மலிவான காதுக் கம்பியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது அரித்துச் சிவக்கும். அப்படிப்பட்டவர்கள் ஜிமிக்கியை மட்டும் செய்துகொண்டு, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட தோட்டில் மாட்டிக்கொள்வது நல்லது.

புடவைக் கரையைக் குர்த்தியில் வைப்பது

இதில் கெடுவது ஒரே ஒரு இடத்தில். புதுப் பருத்திக் குர்த்தி முதல் துவைப்பில் சுருங்கும், பழைய புடவைக் கரை ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும். தைத்து ஒருமுறை துவைத்ததும் கீழ்விளிம்பு அலையலையாக நெளிகிறதென்றால் இதுதான் காரணம். இரண்டையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்திரிக்கோலைத் தொடுங்கள்.

பட்டுப்புடவைக் கரை என்றால், மடித்து மடித்து வைத்த கோட்டில் இரு கைகளாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். பிரிகிற சத்தம் கேட்டால் அந்தப் பகுதி தைக்க ஆகாது. கரையோடு அரை அங்குலம் உடல்துணியும் சேர்த்து வெட்டி, அதை உள்ளே மடித்துத் தைத்தால்தான் இழை பிரியாது. நீளம், குர்த்தியின் கீழ்ச்சுற்றளவோடு ஓர் அங்குலம். குண்டூசி குத்தி, ஓட்டுத்தையல் போட்டு, பிறகு 3 மி.மீ. தையல். தைக்கும்போது கரையை இழுத்துப் பிடிக்கக் கூடாது, இழுத்தால் அதுவும் நெளியும். ஜரிகையின்மேல் இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் படக் கூடாது. மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள். கை ஒழியாதவர்கள் ஓட்டுத்தையல் வரை போட்டுவிட்டுத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஓட்டிக் கொடுத்துவிடுவார்.

வேட்டியிலிருந்து சுங்குடிப் புள்ளி துப்பட்டா

மூன்றில் இதுதான் நேரம் கேட்கும், ஆனால் மற்ற இரண்டையும்விட நாள்படத் தாங்கும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் கையால் முடிந்து சாயம் போட்டு வளர்த்த கலை சுங்குடி. மதுரைச் சுங்குடிப் புடவைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் கைகள் அவை. நாம் போடப்போவது சுமார் நூறு.

நாலு முழ வேட்டி ஒன்றை நீளவாக்கில் இரண்டாக்கினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 60 செ.மீ. சொச்சம் அகலமும் உள்ள இரண்டு துப்பட்டா கிடைக்கும். ஒன்று உங்களுக்கு, ஒன்று அறைத்தோழிக்கு. கத்திரியால் முழுதும் வெட்டாதீர்கள். ஓரத்தில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுக் கையால் கிழித்தால் இழையோட்டத்தோடு நேராகப் போகும்.

ஆனால் அதற்கு முன்னால், அது முழுப் பருத்திதானா என்று பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, எவர்சில்வர் தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி தாள் எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான கருமணியாக நிற்கும். இரண்டும் கலந்து தெரிந்தால் அது டெரிகாட்டன். நாம் போடப்போகும் சாயம் அதிலுள்ள பருத்தியை மட்டும் பிடிக்கும், நிறம் வெளுத்தாற்போல் வரும். பழைய பள்ளிச் சீருடைச் சட்டையில் இதைச் செய்து ஏமாறுவது அதனால்தான். சட்டையே பருத்தியாக இருந்தாலும் தைத்த நூல் பாலியஸ்டராக இருந்தால் தையல் கோடெல்லாம் வெள்ளையாக நிற்கும். இதே காரணத்தால் வேட்டியின் பாலியஸ்டர் ஜரிகைக் கரை சாயத்தில் முங்கினாலும் பொன்னாகவே எழுந்து வரும், அது நமக்கு லாபம்.

அடுத்தது கஞ்சி. வேட்டியில் கஞ்சியும் நீலமும் ஏறியிருக்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். மணத்துக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவம் வேண்டாம். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே உறிஞ்சப்பட்டால் துணி தயார். உருண்டு நின்றால் இன்னொரு துவைப்பு. இந்தச் சோதனையைத் தாண்டாத துணியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். கிழித்த ஓரத்தை இப்போதே இருமுறை மடித்துப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். தையலும் சேர்ந்து சாயமேறும்.

பென்சிலால் 10 செ.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள். 2 மீட்டருக்கு 60 செ.மீ. என்றால் ஓரம் விட்டு 19-க்கு 5, மொத்தம் 95 புள்ளி. முடிச்சுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் ஒன்றரை மணி நேரம். பேச ஆள் இருந்தால் தெரியாது. துணி காய்ந்திருக்கும்போதே முடிய வேண்டும். புள்ளியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, அதன் அடியில் பாலியஸ்டர் தையல் நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி, ஒரு கண்ணி போட்டு, நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போங்கள். நூல் அழுத்திய இடம் வெள்ளையாக நிற்கும், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி சாயம் ஏற்கும். எனவே விரிக்கும்போது நடுவில் நிறப்பொட்டு வைத்த வெள்ளை வளையம் தெரியும். வளையம் பெரிதாக வேண்டுமென்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் மணி வைத்துக் கட்டுங்கள். கொண்டைக்கடலை வைக்கலாம் என்பார்கள். அது சாயத்தில் ஊறி உப்பும், வேண்டாம்.

சாயம் வாங்கும்போது பருத்திக்கான, குளிர்ந்த நீரில் போடும் ரியாக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். இது துணியின்மேல் ஒட்டிக்கொள்வதில்லை, காரத்தன்மையில் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. துவைத்தாலும் நிற்பது அதனால்தான். வீட்டு மஞ்சளைக் கரைத்து முக்கினால் செலவில்லையே என்று தோன்றும். மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவக்கும், வெயிலில் சில நாளில் வெளுக்கும்.

காய்ந்த துணியை எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசு இல்லையென்றால் மளிகைக் கடையில் போட்டுத் தருவார்கள். 100 கிராம் துணிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் உப்பு, 3 கிராம் சாயம், 16 கிராம் சோடா ஆஷ். அடர்நிறத்துக்குச் சாயத்தை 5 கிராம் ஆக்குங்கள், கறுப்புக்கு 7, 8 கிராம் வேண்டும். சோடா ஆஷ் என்பது நீரற்ற தூள். பளிங்குக் கற்களாக விற்கும் வாஷிங் சோடாதான் கிடைத்தது என்றால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், எடையை 43 கிராம் ஆக்க வேண்டும். ஆப்பசோடா உதவாது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அதன் காரம் போதாது, சாயம் முழுதும் அலசும்போது ஓடிவிடும்.

பழைய பிளாஸ்டிக் வாளி எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும். சமைக்கும் பாத்திரம் எதுவும் கூடாது. கையுறை கட்டாயம். சாயத்தூள் மூச்சில் போனால் ஒவ்வாமை வரும், எனவே தூளைக் கரைக்கும்வரை முகக்கவசம் போட்டு, மின்விசிறியை நிறுத்திவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த நேரம் அறையில் இருக்க வேண்டாம். தண்ணீரும் கவனிக்க வேண்டியது: உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் நிறம் மங்கி வரும், கேன் தண்ணீரோ மழைநீரோ நல்லது.

சாயத்தைச் சிறிது தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து வாளியில் ஊற்றி, உப்பையும் போட்டுக் கரைத்த பிறகு, முடிந்த துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே விடுங்கள். உப்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப் பக்கம் தள்ளும். 20 நிமிடம் குச்சியால் அளைந்துகொண்டே இருங்கள். பிறகு துணியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் தனியாகக் கரைத்த சோடாவை மறுபக்கம் ஊற்றிக் கலக்கி, துணியை இறக்குங்கள். துணியின்மேல் நேராக ஊற்றினால் அந்த இடம் மட்டும் கறுத்துப் போகும். சோடாவை முதலிலேயே போட்டுவிட்டால் சாயம் துணியை விட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். சோடா போட்ட பிறகு ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து முன்னதாக எடுத்துவிடாதீர்கள்.

முடிச்சுகளை அவிழ்க்காமலே குளிர்ந்த நீரில் அலசுங்கள். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை ஐந்தாறு முறை ஆகும். முதலில் அவிழ்த்துவிட்டு அலசினால் ஓடுகிற சாயம் வெள்ளை வளையத்தில் ஏறி, மொத்த உழைப்பும் மங்கிப் போகும். பிறகு நிழலில் முழுதும் காயவிட்டு, துணியை முடிச்சின் இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் சுற்று சுற்றாகத் தெறித்துவரும். வராத முடிச்சில் மட்டும் கத்திரி நுனி. பிளேடு வைத்தால் துணியில் ஓட்டைதான் மிஞ்சும். கடைசியாகச் சூடான சோப்புத் தண்ணீரில் ஒருமுறை துவைத்தால் பிணையாமல் தங்கிய சாயமும் வெளியேறிவிடும்.

சுங்குடிக்கே உரிய சின்ன மேடுபள்ளம் புள்ளிகளில் நிற்கும். அது பிடித்திருந்தால் இஸ்திரி போடாமல் மடித்து வையுங்கள். முதல் மூன்று துவைப்பு தனியாக. மிச்சமான சாயத் தண்ணீரை விடுதித் தோட்டத்துச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அதில் இருக்கும் உப்பும் சோடாவும் செடியைக் கருக்கிவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.